அனுமதி பெற்ற பிட்

1

நாங்கள் இந்த ஊரில் வந்து இறங்கிய நாளை ஆண்டுதோறும் கேசரி கிண்டிக் கொண்டாடுவது வழக்கம். கல்யாண நாளை நான் மறந்ததுண்டு. இந்த நாளை மறக்க முடியாது. கனடா வரைபடத்தை விரித்து, கிழக்கும் வேண்டாம் மேற்கும் வேண்டாம் என்று நட்டநடுவில் விரலை வைத்தால் வின்னிபெக் வரும். அங்கே ஒரு பிப்ரவரி மாதம் இறங்கினோம். விமான நிலையத்தின் கதவு திறந்ததும் மூக்குக்குள் இருந்த முடியெல்லாம் விறைத்துக்கொண்டது. என் மனைவி சுமதி பென்னாகரத்துக்காரி. எதற்கும் லேசில் அசரமாட்டாள். அவளே சற்று நின்று, "ஏங்க, இங்கயா?" என்று கேட்டாள். ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு கேசரி கிண்டிய அன்று மாலைதான் என் இடைத்தேர்வு விடைத்தாளையும் திருப்பிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நாற்பத்தொன்று.

நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இடைத்தேர்வு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உயிர்வேதியியலில் முதுகலை. சர்க்கரை, கொழுப்பு, யூரியா என்று மாவட்டத்தில் பாதிப் பேரின் ரத்தம் என் கண்ணில் பட்டிருக்கிறது. கருவி மக்கர் செய்தால் விலாவில் ஒரு தட்டுத் தட்டி ஓடவைக்கும் அளவுக்கு அதனோடு உரிமை. இங்கேயும் ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்தில்தான் வேலை. வருகிற ரத்தக் குழாய்களை வாங்கி, ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தட்டில் அடுக்க வேண்டும். ஊரில் நான் ஓட்டிய கருவிக்கு அண்ணன் போல ஒன்று பத்தடி தள்ளி நிற்கிறது. அதை நான் தொடக் கூடாது. தொடுவதற்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு இந்தப் பாடத்தில் தேற வேண்டும். பாடத்தின் பெயர் வளர்சிதை மாற்ற உயிர்வேதியியல். தின்ற சோறு உடம்புக்குள் எந்தெந்த வழியில் போய் என்னென்ன ஆகிறது என்ற கதை.

சுமதி கேசரித் தட்டோடு வந்தாள்.

"எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"அம்பதுக்கா?"

இந்த நம்பிக்கையில்தான் என் இல்லறம் ஓடுகிறது.

"நூத்துக்கு."

அவள் போய் இன்னொரு கரண்டி கேசரி கொண்டுவந்து வைத்தாள்.

2

உரிமம் தரும் அலுவலகத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். என் கோப்பு அவர்கள் மேசையில் இருக்கிறது.

முதலில் என் பட்டத்தைக் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு பாடத்திட்டத்தைக் கேட்டார்கள். அதுவும் நான் படித்த காலத்துப் பாடத்திட்டம், கல்லூரி முத்திரையோடு, மூடிய உறையில். ஊரில் இருக்கும் என் அண்ணன் முனிராஜ் தக்காளி வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு நடையாய் நடந்து அதை வாங்கி அனுப்பினார். அதில் 'அலகு மூன்று: வளர்சிதை மாற்றம்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இந்தப் பாடம் உங்களுக்குக் கற்பிக்கப்பட்டது தெரிகிறது, நீங்கள் கற்றது தெரியவில்லை என்பது அதன் சாரம். என் கல்லூரி வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

ஆகவே, இங்குள்ள கல்லூரி ஒன்றில் அந்தப் பாடத்தை மாலை வகுப்பில் படித்து, மொத்தத்தில் எழுபது விழுக்காடு வாங்க வேண்டும். இந்தப் பருவத்துக்குள் வாங்க வேண்டும். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிய விதிப்படி முதல் என்பது இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. அதற்குள் எனக்கு ரத்தம் கொடுக்கும் வயது வந்துவிடும், எடுக்கும் வயது போய்விடும்.

இடைத்தேர்வுக்கு முப்பது பங்கு, இறுதித் தேர்வுக்கு எழுபது. இடைத்தேர்வில் நாற்பத்தொன்று வாங்கியவன் இறுதித் தேர்வில் எண்பத்து மூன்று வாங்கினால்தான் மொத்தம் எழுபதைத் தொடும். இந்தக் கணக்கைப் பேருந்தில், உணவு இடைவேளையில், பனி தள்ளும்போது என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எண்பத்து மூன்றுதான் வந்தது.

ஒரே ஓர் ஆறுதல். இந்த நாட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் என்னை மிஸ்டர் சின்னசாமி என்றுதான் அழைப்பார்கள். ஆகவே இடைத்தேர்வில் தோற்றது நானல்ல, மாரண்டஹள்ளி சின்னசாமி. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு நாற்பத்தொன்று நல்ல மதிப்பெண்.

3

நான் எப்படிப் படித்தவன் என்று நம் ஊரில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடுதி மொட்டைமாடியில் ஆளுக்கொரு பக்கமாக நடந்துகொண்டு சத்தம் போட்டு ஒப்பிப்போம். பழைய வினாத்தாள்களை விரித்து வைத்து, போன வருடம் வந்தது இந்த வருடம் வராது என்று சோதிடம் பார்ப்போம். தேர்வில் தலைப்புக்கெல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு. படமெல்லாம் பென்சிலில், ஸ்கேல் வைத்து. கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதி, கடைசியில் நூல் வாங்கிக் கட்டிக் கொடுப்போம். திருத்துகிறவர் படிப்பாரோ மாட்டாரோ, கையில் தூக்கிப் பார்ப்பார் என்பது எங்கள் நம்பிக்கை.

இங்கே பாடம் நடத்துகிறவர் டாக்டர் ஹெலன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எல்லோரும் அவரை ஹெலன் என்றே கூப்பிடுகிறார்கள். என் நாக்கு அதற்கு மடங்கவில்லை, மேடம் என்கிறேன். முதல் வகுப்பில் அவர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். நான் வெளியே போகப் போகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெண் கால்களை மடக்கி வழிவிட்டாள்.

இடைத்தேர்வுக்கு முன்பு ஹெலன் ஓர் அறிவிப்புச் செய்தார். தேர்வு அறைக்குள் ஆளுக்கு ஒரு தாள் கொண்டுவரலாம். ஒரு பக்கம், கையெழுத்தில், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்துப் பெண்ணைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அப்போதும் புரியவில்லை. இது நம் ஊரில் பிட் அல்லவா? ஃப்ளையிங் ஸ்குவாட் ஜீப்பில் வந்து சட்டைக் கை மடிப்பு வரைக்கும் பிரித்துத் தேடுவார்களே, அதுதானே? பிட் அடித்தே பழக்கமில்லாத என்னை, பிட் எழுதிவரச் சொல்லிச் சட்டமே போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் புத்தகத்தையே இறக்கினேன். எறும்பு படிக்கிற அளவில் எழுத்து.

தேர்வு அன்று மற்றவர்கள் தாளைப் பகிரங்கமாக மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்கள். என் தாள் சட்டைப் பையில் நான்காக மடிந்து இருந்தது. கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஜீப் வந்து நிற்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கடைசிவரை எடுக்கவில்லை. குளிர் மைனஸ் இருபத்தைந்து, சட்டை நனைந்திருந்தது.

கேள்வி இப்படி: ஒரு குழந்தையின் உடம்பில், பைருவேட் என்ற பொருளை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் நொதி வேலை செய்யவில்லை. ரத்தத்தில் எது கூடும், ஏன்? அரைப் பக்கத்தில் முடிகிற பதில். நான் குளுக்கோஸிலிருந்து தொடங்கினேன். குளுக்கோஸ் பைருவேட் ஆகும் பத்துப் படிகளையும் பென்சிலில் பெட்டி போட்டு, அம்புக்குறி வரைந்து, வண்ணத்தில் அடிக்கோடிட்டு எழுதினேன். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு எழுந்து கூடுதல் தாள் கேட்டேன். கொடுத்தார்கள். முடிவில் நூல் கேட்டேன்.

"நூலா?" என்று கண்காணிப்பாளர் அம்மா என் சட்டைப் பொத்தான்களைக் கவலையோடு பார்த்தார்.

விடைத்தாளில் ஹெலன் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'மிக அழகு. ஆனால் நான் என்ன கேட்டேன்?'

4

என் மகள் இனியாவுக்குப் பதினேழு. செப்டம்பரில் டொராண்டோவுக்குப் படிக்கப் போகிறாள். கல்லூரியில் இடம் கிடைத்ததை அவள் எங்களிடம் சொன்னது, வருகிறேன் என்று அவர்களுக்குச் சொன்ன பிறகு. நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும்; மற்றபடி இங்கே அவள் பேச்சு என் மொழிபெயர்ப்பு. அதனால் அவள் கோபத்தை நான் பெரும்பாலும் வரவேற்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"நான் ஒப்பிக்கிறேன். நீ புத்தகத்தப் பாத்துக்கிட்டே வா. எங்கயாவது வுட்டா சொல்லு."

"எதுக்கு? உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். சரியா தெரியுதான்னு தெரியணும்."

காதில் இருந்த இயர்போனில் ஒன்றை மட்டும் கழற்றினாள். நான் குளுக்கோஸில் ஏறி உட்கார்ந்து புறப்பட்டேன். ஆறாவது படியில் போய்க்கொண்டிருந்தபோது, "நில்லுங்க. இந்த என்சைம் இல்லன்னா?" என்றாள்.

"என்ன இல்லன்னா?"

"இது வேலை செய்யலன்னா என்ன ஆகும்?"

நான் யோசித்தேன். யோசித்த நேரத்தில் ஆறாவது படியும் மறந்துவிட்டது. "இரு, முதல்லர்ந்து வரேன்" என்று மறுபடி குளுக்கோஸுக்குப் போனேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "அப்பா, உங்களால நடுவுல இருந்து சொல்லவே முடியாதா? யூடியூப்ல கூட நடுவுல இருந்து பாக்கலாம்."

பாலக்கோட்டிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் கூட வழியில் கையைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். நான் டிப்போவிலிருந்து மட்டுமே கிளம்பும் பஸ்ஸாகப் படித்திருக்கிறேன். கழற்றியதை அவள் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள்.

5

இந்த ஊர் ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாள் தங்கள் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்கள் வருவார்கள் என்று காத்திருப்பார்கள். ஒருவரும் போகாவிட்டால் வருத்தப்படுவார்களாம். நம் கல்லூரியில் ஆசிரியர் அறைக்குப் போனவன் ஏதோ மாட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். போகிறவனைப் பார்த்தாலே மற்றவர்கள் வீட்டுக்குச் செய்தி சொல்லிவிடுவார்கள். ஹெலனின் அறை வாசலில் இரண்டு வாரம் வந்து நின்று திரும்பினேன். மூன்றாவது வாரம் அவரே கதவைத் திறந்தார்.

"மேடம், ஐ ஹாவ் எ டவுட்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நான் சொன்னதில் எதை நம்பவில்லை?" என்று கேட்டார்.

நான் சந்தேகப்படவில்லை, சந்தேகம் மட்டும் கேட்க வந்தேன் என்று விளக்குவதற்குள் என் இங்கிலீஷ் தண்ணீர் குடித்துவிட்டது. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தார்.

"புத்தகம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த வழிகளை வரையுங்கள்."

வரைந்தேன். பத்துப் படி, பெட்டி, அம்பு. ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்கவிருந்தேன், அடக்கிக்கொண்டேன்.

அவர் பேனாவால் ஓர் அம்பின்மேல் குறுக்கே கோடு போட்டார். "இது அடைத்துக்கொண்டது. இப்போது?"

நான் வாயைத் திறந்தேன். குளுக்கோஸ் என்று வந்தது. மூடிக்கொண்டேன்.

"மிஸ்டர் சின்னசாமி, உங்களுக்கு எல்லாப் படிகளும் தெரியும். வகுப்பிலேயே உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். அவ்வளவு தேவையில்லை. வெற்றுத் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வழியை அடைத்துப் பாருங்கள். எங்கே திகைக்கிறீர்களோ, அதை மட்டும் அந்த ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். தெரிந்ததை எழுதாதீர்கள்."

தெரிந்ததை எழுதாதே என்று ஓர் ஆசிரியர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து கையுறையை இடது வலது மாற்றி மாட்டினேன். குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

6

அடுத்த பதினைந்து நாள் தினம் ஒரு வழியை அடைத்தேன், தினமும் திகைத்தேன். இனியா சொன்னதும் ஹெலன் சொன்னதும் ஒன்றுதான் என்பது புரிந்தது. புரிந்ததால் பயம்தான் கூடியது. நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை என்ற நிலை. கோப்பு மூடப்படும் நாள் நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது. பரிசோதனைக்கூடத்தில் ஸ்டிக்கர் பார்க்கும் கண்ணும் கோணத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு பேசினேன்.

"என்னாடா, பாஸா?"

"இன்னும் பெரிய பரீட்ச இருக்குதுண்ணா."

"உம் மவ படிக்கிற வயசுல நீ படிக்கிற. அவ என்னா பண்றா?"

"அவளும்தான் படிக்கிறா."

"அப்ப வூட்டப் பாத்துக்கறது சுமதி மட்டுந்தான்னு சொல்லு. செரி, இங்க மட்டும் என்னா வாழுது? ஓசூர் ரோட்ல பாலத்து வேலைன்னு வண்டிய வுட மாட்டேங்கறான். பெங்களூர் வண்டிக்காரன் போன் பண்ணா 'பர்த்தினி, பர்த்தினி'ன்னு கன்னடத்துல வர்றேன் வர்றேங்கறான். வந்தபாடில்ல. பாலக்கோட்டு மண்டில காலு வெக்க எடமில்ல, எங்க பாத்தாலும் தக்காளிப் பொட்டி."

"பறிக்காம வுட்ருங்களேன்."

"நீ படிச்சவன்டா! பழுத்தத செடியிலயே வுடுன்னு சொல்ற. பறிச்சித்தான ஆவணும். மாரண்டஹள்ளிலர்ந்து வந்துகினேதான் இருக்குது. கொஞ்சத்த தர்மபுரி சந்தைக்குத் திருப்பி வுட்டோம். அங்கயும் எவ்ளோதான் வாங்குவான்? மீதி மாட்டுக்குத்தான். பெங்களூர்ல தக்காளியே இல்லியாம், அந்தக் கூத்த எங்க போயி சொல்ல. இங்க தக்காளி அழுவுது, அங்க ஜனம் அழுவுது."

நான் மேசையில் கிடந்த வெற்றுத் தாளைப் பக்கத்தில் இழுத்தேன்.

"என்னாடா, லைன்ல இருக்கியா?"

"அண்ணா, ஓசூர் ரோடு அடச்சா பாலக்கோட்டுல தேங்குது."

"ஆமா."

"தேங்குனது சும்மா இல்லாம குறுக்கு வழியில தர்மபுரிக்கு ஒழுவுது."

"ஆமாங்கறேன்."

"பெங்களூர் காயுது."

"இதக் கண்டுபுடிக்கத்தான் கனடாவுக்குப் போனியா?" என்றார் அண்ணன்.

பைருவேட் பாலக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. ஓசூர் சாலை மூடியிருக்கிறது. பின்னாலிருந்து வரத்து நிற்கவில்லை. அது சும்மா இருக்குமா? பக்கத்துச் சாலையில் திரும்பி லாக்டிக் அமிலமாகக் கொட்டுகிறது. அந்தக் குழந்தையின் ரத்தம் புளித்துப்போவது அதனால்தான். அரைப் பக்கப் பதில். நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மண்டி. இதற்குப் போய் அன்று நான் வண்ணத்தில் அடிக்கோடு போட்டேன்.

7

அன்று முதல் என் வெற்றுத் தாளில் நம் தாலுகா வந்து உட்கார்ந்தது. மாரண்டஹள்ளியில் குளுக்கோஸ் வண்டி ஏறும். பாலக்கோட்டில் நான்கு வழி பிரியும். தருமபுரியில் கோடவுன், அது கல்லீரல். அங்கே சரக்கு கிளைகோஜனாக அடுக்கப்பட்டிருக்கும்; ஊருக்குத் தேவைப்பட்டால் கதவைத் திறந்துவிட வேண்டும். எல்லா நிறுத்தத்தையும் மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு செக்போஸ்ட்டுகளை மட்டும் படித்தேன். மற்ற இடங்களில் வண்டி நிற்காது, யாரும் கேட்க மாட்டார்கள்.

உடம்பு பட்டினி கிடக்கும்போது குளுக்கோஸைத் திரும்ப உண்டாக்கும். அதற்கு வத்தல்மலை. இறங்கிய வழியிலேயே ஏறிவிட முடியாது. என் தாளில் மூன்று இடத்தில் கொண்டை ஊசி வளைவு, அங்கே மட்டும் வேறு பாதை. இதை எழுதும்போது பாடத்தை மட்டும்தான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். இனியாவின் செப்டம்பருக்கான பெட்டி அப்போதே ஹாலில் வந்து நின்றிருந்தது.

இனியாவைக் கூப்பிட்டேன். "ஒப்பிக்கல. நீ எங்க வேணா அட. நான் சொல்றேன்."

அவள் நம்பிக்கையில்லாமல் வந்து, வரைபடத்தின்மேல் விரலை வைத்தாள். "இது என்ன எழுத்து? பா... ல... க்... கோ... டு." பிறகு, "இது பெரியப்பா ஊரா?" என்றாள்.

"பெரியப்பா மண்டி. நம்ம ஊரு அதுக்கு மேல."

"ஓகே. பாலக்கோடு க்ளோஸ்ட்" என்றாள் கண்டிப்பான குரலில், மாவட்ட ஆட்சியர் மாதிரி. நான் பதில் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அதை மட்டும் தாளில் எழுதிக்கொண்டேன். சுமதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பென்னாகரம் எங்க?" என்றாள்.

"பாடத்துல இல்ல."

"உங்க பாடத்துல என்னிக்கி இருந்துது?" என்று கேட்டுவிட்டுப் பூட்ஸை மாட்டினாள். நான் ஓரத்தில் பென்னாகரம் என்று எழுதி, கொழுப்பை அங்கே இறக்கிவைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

8

ஏப்ரல் மாதம். பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. இறுதித் தேர்வு.

இந்த முறை தாளை மடிக்கவில்லை. மேசைமேல் பரப்பி, இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். வினாத்தாள் கொடுத்த கொஞ்ச நேரத்தில் கண்காணிப்பாளர் வரிசை வரிசையாகத் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வயதானவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் போலிருந்தார். என் தாளில் அவர் கண் நின்றது.

"இது என்ன மொழி?"

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கிறது?"

பொய் சொல்லக் கூடாது என்ற பதற்றத்தில் உண்மையைச் சொன்னேன். "ஊர்ப் பெயர்கள்."

அவர் வினாத்தாளைப் பார்த்தார். உயிர்வேதியியல். தாளைப் பார்த்தார். சாலை வரைபடம். "ஒரு நிமிடம், நான் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று தாளை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. பிட் கைப்பற்றப்பட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று இந்த உடம்புக்கு யாரோ எப்போதோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோப்பு மூடும் சத்தம் காதில் கேட்டது. அண்ணனிடம் என்ன சொல்வது, ஊர்ப் பெயர் எழுதியதற்காகப் பிடித்துவிட்டார்கள் என்றா? பக்கத்துப் பெண், "உட்காருங்கள், எழுதுங்கள்" என்று உதட்டசைத்தாள்.

உட்கார்ந்தேன். கேள்வியைப் படித்தேன். ஒரு குழந்தை. கொஞ்ச நேரம் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. கல்லீரல் வீங்கியிருக்கிறது. கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியே அனுப்பும் கடைசி நொதி இல்லை. எது குறையும், எது கூடும், ஏன்?

தருமபுரி கோடவுன். உள்ளே கூரை முட்டச் சரக்கு. கேட் திறக்கவில்லை. ஊர் பட்டினி. அதனால் சர்க்கரை இறங்குகிறது. அடுக்கிய சரக்கு வெளியேறாததால் கல்லீரல் வீங்குகிறது. மிச்சம் சந்துபொந்தெல்லாம் ஒழுகி லாக்டிக் அமிலமாகவும் கொழுப்பாகவும் யூரிக் அமிலமாகவும் ரத்தத்தில் கூடுகிறது. நடுவில் ஏறி, நடுவிலேயே இறங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அரைப் பக்கம்.

பாக்கி அரைப் பக்கம் வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று நான் பட்ட பாட்டில் பெரிய பாடு அதுதான். கை பென்சிலைத் தேடியது. அந்தப் பத்துப் படிகளை மட்டும் ஓரமாக, ஒரு பாதுகாப்புக்காக, சின்னதாக? அரைப் பக்கம் எழுதிய எவன் எங்கள் கல்லூரியில் தேறியிருக்கிறான்? பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கடைசிக் கேள்வியில் இருக்கும்போது பெரியவர் தாளைக் கொண்டுவந்து வைத்தார். "மன்னிக்கவும். எந்த மொழியிலும் எழுதலாமாம்" என்றார். நன்றி சொன்னேன். நூல் கேட்கவில்லை.

9

முடிவு கணினியில் வரும், அவரவர் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நம் காலத்தில் முடிவை யாராவது சொல்லித்தான் நமக்குத் தெரியும். தானே திறந்து பார்க்கும் தைரியத்தை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வந்துவிட்டது என்று தெரிந்தும் மதியம்வரை பாத்திரம் கழுவினேன். பிறகு இனியாவிடம் கணினியைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். சுமதி அடுப்பை அணைத்தாள்.

தட்டச்சுச் சத்தம். பிறகு நாற்காலி திரும்பும் சத்தம்.

"அப்பா."

"சொல்லு."

"தர்மபுரி கேட் பூட்டிட்டா என்ன ஆகும்?"

"அத எதுக்குடி இப்ப கேக்கற? எத்தனன்னு சொல்லு."

"சொல்லுங்கப்பா."

"ஊரு பட்டினி கிடக்கும். கோடவுன் வீங்கும். மிச்சம் புளிச்சி ஒழுவும். போதுமா?"

"அதுக்குத்தான் எண்பத்தஞ்சு" என்றாள், தமிழில். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

சுமதி அடுப்பை மறுபடி பற்றவைத்து ரவை டப்பாவை எடுத்தாள். இது இறங்கிய நாள் அல்ல என்று நான் நினைவூட்டவில்லை. வரைபடத்தை இனியா தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். டொராண்டோவில் அவளுக்கும் முதலாண்டு உயிர்வேதியியல் இருக்கிறதாம்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பாஸாயிட்டண்ணா."

"அட்ரா! அப்ப இனிமே டாக்டரா?"

"இல்லண்ணா. மிஷினத் தொடலாம்."

மண்டியில் இரைந்தவர்களை அண்ணன் அதட்டி அடக்கினார். "ஏழு வருசமா தொடாமயா இருந்த?" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஸ்டிக்கர்களைச் சரிபார்த்தேன். இடைவேளையில் அந்தப் பத்தடியைக் கடந்து கருவியின் பக்கத்தில் போய் நின்றேன். அது பாட்டுக்கு யாருடைய சர்க்கரையையோ அளந்துகொண்டிருந்தது. விலாவில் ஒரு தட்டுத் தட்டத் தோதாக இடம்கூட இருந்தது. தொடவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உரிமம் தபாலில் வர வேண்டும். அதுவரை ஸ்குவாட் எந்த வாசல் வழியாகவும் வரலாம்.